கடுகு பாடிய பஞ்சமம்

எனக்குக் காதில் ஒரு கோளாறும் இல்லை என்று ஆறு டாக்டர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆறு காகிதமும் ஒரு ஃபைலில் பத்திரமாக இருக்கின்றன. அந்த ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஒருநாள் ஆர்.எஸ்.புரத்தில் நடுரோட்டில் தலை சுற்றி, ஒரு தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு, கொய்யாப்பழங்களுக்கு நடுவே வாந்தி எடுத்தேன். வண்டிக்காரர் திட்டினார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

என் வியாதி டாக்டரைக் கண்டால் ஓடி ஒளிந்துகொள்கிற வியாதி. உள்காதில் இருக்கிற நீர் தனக்குத் தோன்றிய நேரத்தில் பொங்கும். பொங்கினால் காதுக்குள் லாரி நின்றுகொண்டு இரைகிற மாதிரி சத்தம். வீடு சுற்றும். பேசுகிறவர்கள் எல்லாரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பேசுவது போலிருக்கும். இரண்டு மணி நேரமோ இரண்டு நாளோ கழித்து அடங்கும். அடங்கின பிறகுதானே ஆஸ்பத்திரிக்குப் போக முடியும்? போனால் காது ஜோராகக் கேட்கும். "நார்மல் மேடம்" என்று பேனாவை மூடுவார்கள்.

ஒருத்தர் உப்பைக் குறைக்கச் சொன்னார். ஒருத்தர் காபியை நிறுத்தச் சொன்னார். இன்னொருத்தர் என் கணவர் சிவராஜை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வீட்ல ஏதாவது பிரச்சினைங்களா?" என்று என்னிடம் கேட்டார். பாவம் சிவராஜ், அதற்கப்புறம் ஒரு வாரம் என்னிடம் பயந்து பயந்து பேசினார். ஆறாவது டாக்டர்தான் எல்லாருக்கும் மேலே. "வயலினை விட்டுட்டு வேற ஏதாவது ஹாபி வெச்சுக்கலாமே?" என்றார். ஹாபியாம்! என் வாயில் வந்ததை அங்கேயே விழுங்கிக்கொண்டு வந்தேன்.

நான் பக்கவாத்தியக்காரி. பத்தொன்பது வருடமாகச் சாருமதியின் பாட்டுக்கு வயலின் வாசிக்கிறேன். எங்கள் வேலையில் முன்கூட்டி எழுதி வைத்தது எதுவும் கிடையாது. ராகத்தை அவள் விரித்துக்கொண்டு போவாள். நான் ஒரு மயிரிழை பின்னால் அதையே வில்லில் பிடித்துக்கொண்டு போக வேண்டும். அடுத்து எங்கே போவாள் என்று அவளுக்கே தெரியாது. எனக்கு இருப்பது காது ஒன்றுதான். அந்தக் காது பொங்கிக்கொண்டால், இடது பக்கம் தம்புரா ஐந்து கட்டையில் கேட்கும், வலது பக்கம் அதைவிடக் கீழே கேட்கும். எந்தக் காதை நம்பி விரலை வைப்பது? மேடையில் சிரித்துக்கொண்டே நான் செத்த நாட்கள் நிறைய.

ஏழாவதாகப் போனவர்தான் டாக்டர் பூவரசன். என் ஃபைலை முழுதாகப் படித்த முதல் டாக்டர்.

"உங்களுக்கு இருக்கறது இருக்குதுங்க மேடம். ரிப்போர்ட்ல வரலைன்னா ரிப்போர்ட்டைத்தான் திட்டோணும்" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. யாராவது ஒருத்தர் நம்பினால் போதும் என்று ஏங்கிக்கொண்டிருந்தவளுக்கு வேறு என்ன வரும்?

அவர் ஒரு கண்ணாடிக் குப்பியைக் காட்டினார். அதில் கடுகளவில் கறுப்பாக ஒன்று கிடந்தது. அதற்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது. வைத்துக்கொண்டவர்கள் எல்லாரும் அதைக் கடுகு என்றுதான் சொல்கிறார்கள்.

"ரெண்டு காதுலயும் உள்ளே வெச்சிருவோங்க. நீர் பொங்கினா அமுக்கிரும். தலைசுத்தல் வராது. காதுக்குள்ள சத்தம் சரியா வந்து சேரலைன்னா, விட்டுப்போனதை நிரப்பி மூளைக்கு அனுப்பும்."

"நிரப்பறதுக்கு நேரம் ஆகுமே டாக்டர்? இமைக்கற நேரம் தப்பினாக்கூட நான் வாசிக்க முடியாது."

"அங்கதான் இருக்குது விஷயம். அடுத்து என்ன வரும்னு அது முன்கூட்டியே யூகிச்சு வெச்சுக்கும். அதனால தாமதமே கிடையாது. ஆனா நீங்க பழக்கி விடோணும். நீங்க அதிகமாக் கேக்கற குரல், சத்தம் எல்லாம் பதிவாக் கொண்டு வாங்க. நல்ல தெளிவான பதிவாக் குடுங்க."

தப்பு அங்கேதான் நடந்தது. பழியை டாக்டர் மேல் போடத் தோன்றுகிறது, ஆனால் முக்கால்வாசி என்னுடையதுதான். மற்றவர்கள் பிள்ளைகள் பேசுவதையும் டிவி செய்தியையும் பதிவு செய்து கொடுத்திருப்பார்கள். நான் சாருவின் பத்தொன்பது வருடக் கச்சேரிகளைக் கொடுத்தேன். அதிலும் பதினோரு நாள் உட்கார்ந்து பொறுக்கினேன். தொண்டை கட்டின கச்சேரி வேண்டாம், சுருதி நழுவின இடம் வேண்டாம், ஜலதோஷத்தோடு பாடினது வேண்டாம். சங்கீதக்காரர்கள் நாங்கள் யாருமே சரியில்லாத பதிவை வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டோம், அந்தப் பழக்கம். நானூறு மணி நேரம், ஒரு பிசிறு இல்லாத சாரு. அதைத்தான் கடுகுக்குக் கொடுத்தேன்.

கார்ப் பேச்சையும் கொடுத்தேன். அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கச்சேரி முடிந்ததும் சாருவும் நானும் மட்டும் ஒரு காரில் திரும்புவோம். பொன்னாடை, கைதட்டல், பத்திரிகைக்காரர்களின் பாராட்டு எதுவும் அந்தக் காருக்குள் ஏறாது. வண்டி கிளம்பினதும் சாரு ஒரே வார்த்தை கேட்பாள்.

"எங்கே?"

எங்கே பிசகியது என்று அர்த்தம். நான் சொல்ல வேண்டும். இரண்டாவது பாட்டில் நிஷாதம் தூக்கலாக நின்றது, நிரவலில் மூச்சு போதவில்லை, இப்படி. காலையில் அந்த இடத்தைச் சாதகம் செய்வதற்காக, அவள் ஃபோனில் அதைப் பதிவு செய்துகொள்வாள். நான் எவ்வளவு கடுப்பாகச் சொன்னாலும் கடைசியில் அவள் சொல்வது ஒன்றுதான்: "சரி விடுடி, நாளைக்குப் பாத்துக்கலாம்." பத்தொன்பது வருடத்தில் ஒருநாள்கூடக் கோபித்துக்கொண்டதில்லை. யாராவது பாராட்டினால், "யமுனா இன்னும் ஒண்ணும் சொல்லலீங்களே" என்பாள்.

கடுகு வைத்த பிறகு எட்டு மாதம் நான் மனுஷியாக இருந்தேன். ஒருமுறைகூடத் தலை சுற்றவில்லை. மருதமலைப் படிகளில் தனியாக ஏறித் தனியாக இறங்கினேன். தம்புரா இரண்டு காதிலும் ஒரே சுருதியில் கேட்டது. சாருவின் குரல் எப்படி இருந்தது தெரியுமா? இருபத்தைந்து வயதில் எப்படி இருந்ததோ அப்படி இருந்தது.

"எங்கே?" என்று கேட்பாள்.

"எங்கேயும் இல்லைடி. சுத்தமா இருந்துச்சு."

முதல் தடவை விழுந்து விழுந்து சிரித்தாள். "வியாதி போனதும் நல்லவளாயிட்டியா?" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

நாலைந்து மாதத்துக்கு முன் ஒருநாள், பல்லடம் தாண்டும்போது, மெதுவாகக் கேட்டாள். "மேல போறப்ப என்னமோ உரசற மாதிரி இருக்குடி. உனக்குக் கேக்கலையா?"

"ஒண்ணும் கேக்கலை. உனக்கு மனப்பிராந்தி."

"பவித்ராவோட அம்மா தொண்டை டாக்டர்கிட்டக் காட்டச் சொல்றாங்க." பவித்ரா அவளிடம் பாட்டுக் கற்றுக்கொள்கிற பெண்.

"டாக்டர்கிட்டயா? எத்தனை பேரைப் பாத்தவ நான், என்னைக் கேளு. நல்லா இருக்கற தொண்டையை நோண்டி வெச்சிருவாங்க. பேசாம இரு."

"அப்பச் சரி. நீ சொன்னாச் சரி" என்றாள் சாரு. நிம்மதியாகச் சாய்ந்து தூங்கியும் போனாள்.

போன வெள்ளிக்கிழமை திருப்பூரில் சாயங்காலக் கச்சேரி. சாரு காம்போதி ராகம் எடுத்தாள். நான் எப்போதும் போலக் கண்ணைத் தாழ்த்தி என் விரலைப் பார்த்தபடி பின்னாலேயே போனேன். மேல் ஷட்ஜத்தில் நின்றாள், ரிஷபம், காந்தாரம், மத்திமம் என்று ஏறினாள், மேல் பஞ்சமத்தைத் தொட்டு அங்கே ஆணி அடித்த மாதிரி நின்றாள். நானும் நின்றேன். மெய் சிலிர்த்தது. சபை கைதட்டி ஓயவில்லை. ஆஹா, என்ன பாட்டு என்று நிமிர்ந்து பார்த்தேன்.

சாரு துண்டால் வாயைப் பொத்தி இருமிக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர். என்னைப் பார்த்து ஒரு கையைத் தூக்கி சபாஷ் என்பது போல் ஆட்டினாள்.

மிருதங்கம் வாசிக்கிற கதிரவன் என் பக்கம் சாய்ந்தான். "அக்கா, அசத்திப்போட்டீங்க! அவங்க மத்திமத்துலயே நின்னுபோயிட்டாங்க. நீங்க மேல போயி முடிச்சுக் குடுத்தீங்க பாருங்க!"

"மத்திமத்துலயா?"

"ஆமாங்கக்கா. இருமல் வந்துருச்சே."

நான் யாருக்கும் முடித்துக் கொடுக்கவில்லை. நான் கேட்டதைத்தான் வாசித்தேன். மிச்சக் கச்சேரியில் அவள் உதட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல் வாசித்தேன். காரில் அன்றைக்கு அவள் "எங்கே?" என்று கேட்கவில்லை. "என் மானத்தைக் காப்பாத்திட்டடி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் வீட்டில் குக்கர் மூன்று விசில் அடித்தது, அடுப்பை அணைத்தேன். சாதம் நறுக்கு நறுக்கென்று இருந்தது.

"ரெண்டுதான வந்துச்சு?" என்றார் சிவராஜ். "மூணாவதுக்குப் புஸ்ஸுன்னு காத்துத்தான் வந்துச்சு. கேஸ்கட் போயிருக்கும்."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"அட, நான் இங்கதான உக்காந்திருந்தேன். ஏன், உனக்கு மூணு கேட்டுச்சா?"

அன்று முழுக்க ஒவ்வொரு சத்தத்துக்கும் கண்ணால் சாட்சி தேடினேன். குழாய் சொட்டியதா? எழுந்து போய்ப் பார்த்தேன். வாசலில் கூப்பிட்டார்களா? போய்ப் பார்த்தேன். பைத்தியம் பிடிப்பதற்குள், திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

டாக்டர் பூவரசன் திரையைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். "போன மாசச் சோதனையில உங்களுக்கு நூத்துக்கு நூறுங்க. என் காதே இவ்வளவு நல்லாருக்காது."

"எனக்கு இன்னொரு தடவை சோதனை பண்ணணும் டாக்டர். இப்பவே."

சோதனை செய்கிற பெண் ஷெரின் என்னைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்தாள். ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு, பீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். வருடக்கணக்காக நான் செய்வதுதான். ஒன்று மட்டும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பெண் பீப்பை ஒரே காலப்பிரமாணத்தில் அனுப்புகிறாள். தொடையில் தாளம் போட்டால் அட்சரம் பிசகாமல் விழுகிறது.

நான் வெளியே வந்து அவள் காதோடு சொன்னேன். "கண்ணு, இருபது தடவை பண்ணு. நடுவுல சிலதை அனுப்பாம விட்டுரு. எதுன்னு எனக்குச் சொல்லாத."

திரும்ப உட்கார்ந்தேன். பீப், பீப் என்று மெலிசாக, வரிசையாக வந்தது. எல்லாவற்றுக்கும் அழுத்தினேன். முடிந்ததும் ஷெரினின் முகத்தைப் பார்த்தேன். வெளுத்திருந்தது.

"மேடம், ஏழு நான் அனுப்பவே இல்ல. நீங்க இருபதும் அழுத்தியிருக்கீங்க."

டாக்டர் அதை இரண்டு முறை பார்த்தார். "அட, தாளமா வந்ததால யூகிச்சிருக்குது. இதுல பயப்பட என்னங்க இருக்குது? மனுஷ மூளையே பாதி யூகத்துலதான் ஓடுது. எழுநூறு பேருக்கு வெச்சிருக்கோம். எல்லாரும் சந்தோஷமாத்தான் இருக்காங்க."

"தப்பாக் கேக்குதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும் டாக்டர்?"

அவர் பேனாவைத் திருகினார்.

"இல்லாத சத்தத்தை அது ஏன் எனக்குக் கேக்க வெக்கோணும்? நிரப்பறதை மட்டும் நிறுத்துங்க. நீரை அமுக்கறது இருக்கட்டும்."

"ரெண்டும் ஒரே சில்லுங்க. நிறுத்தினா முழுசா நிறுத்தோணும். பழைய சுத்தல் வந்துரும். இத்தனை நாள் அமுக்கி வெச்சது, முன்னைக்கு அதிகமாவும் வரலாம். அடுத்த வருசம் புதுசு வருது, அதுல பாக்கலாம்."

நான் ஷெரின் பக்கம் திரும்பினேன். "எல்லாத்தையுமா நிரப்பும்?"

"இல்ல மேடம். தெளிவா வர்றது அப்படியே போயிரும். கரகரப்பு, உடையறது, ரொம்ப மெலிசா வர்றது, அதைத்தான் நிரப்பும். நல்லாப் பழக்கின குரல்னா அதுக்கு இன்னும் சுலபம்."

கரகரப்பு. உடையறது. நல்லாப் பழக்கின குரல். வராண்டாவுக்கு வந்து கதிரவனுக்கு ஃபோனில் எழுதினேன்: "பேசாதே, எழுதி அனுப்பு. சாருவின் குரல் எப்படி இருக்கு? என் மேல சத்தியமா உண்மையைச் சொல்லு."

பதில் வர வெகு நேரம் ஆனது. "ஆறேழு மாசமாவே மேல உடையுதுங்கக்கா. சபாவுல எல்லாருக்கும் தெரியும். நீங்க கார்ல சொல்லியிருப்பீங்கன்னு நாங்க வாயத் தொறக்கல."

திரும்பி உள்ளே போனபோது டாக்டர் ரிப்போர்ட்டை நீட்டினார். 'கேட்கும் திறன்: முழுமை' என்று இருந்தது. ஏழாவது டாக்டரும் எழுதிக் கொடுத்துவிட்டார். நான் அதை ஃபைலில் வைக்கவில்லை. அவர் மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

சாய்பாபா காலனியில் சாருவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. டிசம்பர் கச்சேரிகளுக்குப் பதினோரு நாள்தான் இருந்தது. சென்னையில் ஏழு மேடை. தம்புராப் பெட்டியைப் போட்டுவிட்டுச் சாதகம் செய்துகொண்டிருந்தாள். கதவைத் திறக்கும் முன்பே எனக்குக் கேட்டது. தேன் மாதிரி இருந்தது குரல். நான் வாசலில் நின்று அழுதேன்.

"ஏன்டி, என்ன ஆச்சு? மறுபடி சுத்துதா?" என்று ஓடி வந்தாள்.

"உக்காரு. காம்போதி பாடு. வெள்ளிக்கிழமை பாடினியே, அதே இடம்."

"இப்பவா?"

"பாடு சாரு."

அவள் உட்கார்ந்தாள். நான் எதிரே உட்கார்ந்து, அவள் கழுத்தில், தொண்டைக்குழிக்கு மேலே, இரண்டு விரலை வைத்தேன். கூசியது போலிருக்கிறது, சிரித்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள்.

முப்பத்தைந்து வருடம் கம்பியை அழுத்திக் காய்த்துப்போன விரல்கள் என்னுடையவை. அதிர்வு எப்படி இருக்க வேண்டும் என்று அவற்றுக்குத் தெரியும். மேல் ஷட்ஜம் வரை அதிர்வு கம்பி போல ஓடியது. ரிஷபத்தில் மணலை மிதித்த மாதிரி நெறநெறத்தது. காந்தாரத்தில் விட்டு விட்டு வந்தது. மத்திமத்தில் ஒரு தடவை துள்ளி, நின்றுவிட்டது. விரலுக்கடியில் மூச்சு மட்டும் போய்க்கொண்டிருந்தது.

என் காதில் சாரு பஞ்சமத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவ்வளவு சுத்தமான பஞ்சமத்தை நான் ஆயுசில் கேட்டதில்லை.

அவள் கண்ணைத் திறந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. "எங்கே?" என்றாள். அந்த உதட்டசைவு எனக்கு நன்றாகத் தெரியும்.

எல்லாவற்றையும் சொன்னேன். கடுகை, நான் பொறுக்கிக் கொடுத்த நானூறு மணி நேரத்தை, திருப்பூரை, குக்கரை, ஏழு பீப்பை, கதிரவன் எழுதினதை. "மத்திமத்துல நின்னு போகுது சாரு. ரிஷபத்துலயே உடைய ஆரம்பிச்சிருது. ஆறேழு மாசமா அப்படித்தானாம். எனக்குத் தெரியலைடி. சத்தியமா எனக்கு நல்லாத்தான் கேட்டுச்சு."

சாரு தொண்டையைத் தடவிக்கொண்டாள். கண் நிறைந்து வழிந்தது. பிறகு தழுதழுத்து ஏதோ பேசினாள்.

"சரி விடுடி, நாளைக்குப் பாத்துக்கலாம்."

அப்பாடா என்று இருந்தது எனக்கு. ஒரு நொடிதான். அவள் உதடுகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. முகம் அந்த வார்த்தைக்கு உரிய முகமாகவே இல்லை. அழுகிற தொண்டை, உடைந்த குரல், நல்லாப் பழக்கின குரல். பத்தொன்பது வருடக் கார்ப் பேச்சை நான்தானே அதற்குக் கொடுத்தேன்?

ஸ்வரம் எழுதும் நோட்டும் பேனாவும் பக்கத்தில் இருந்தன. எடுத்து அவள் மடியில் வைத்தேன். "நீ என்ன சொன்னேன்னு எழுதிக் காட்டு" என்றேன்.

அவள் எழுதி, என் பக்கம் திருப்பினாள்.

'உன் காதை நம்பித்தானே நான் எந்த டாக்டர்கிட்டயும் போகலை.'

படித்துவிட்டு நிமிர்ந்தேன். சாரு அழுதுகொண்டே மறுபடி ஏதோ பேசினாள். நாளைக்குப் பாத்துக்கலாம், விடுடி என்று என் காதில் இதமாகக் கேட்டது. நான் பேனாவை மறுபடி அவள் கையில் வைத்தேன்.